சும்மா பார்த்துவிட்டுப் போகிறோம்

அன்பு மகன் கதிருக்கு,

நான் எம்.சி. எடுக்கப் போவதில்லை. சாப்பிட்டாயா, சாந்தி எப்படியிருக்கிறாள், ஜொகூரில் மழையா என்றெல்லாம் கேட்பதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கடிதம் முழுக்க நலம் விசாரித்தே முடித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டபோது "சரி, பாக்கலாம்பா" என்றேன். அது சம்மதம் இல்லை. உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார், அவர் காதில் விழ வேண்டாம் என்று சொன்ன சொல் அது. நீ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். இனி அந்தத் தூக்கம் கெடத்தான் போகிறது.

நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உங்களுக்குத்தான் பிரஷர் இருக்கேம்மா. ஒடம்பு முடியலன்னு கிளினிக்ல ஒரு எம்சி எடுத்து லாயர் அம்மாகிட்ட குடுத்துடுங்க. ரிட்டையர் ஆயிட்டீங்க, இனிமே எதுக்கு இந்த வம்பு? அந்தப் பக்கத்து வக்கீல் உங்கள கூண்டுல நிக்க வச்சி கிழிச்சிடுவான் லா. சாவிய குடுத்ததே நீங்கதானே?" என்றாய். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "என் டிப்பார்ட்மெண்ட்லயும் பேசுவாங்கம்மா" என்றாய். அந்தக் கடைசி வரிதான் மெய்யான வரி என்று எனக்குப் புரிந்தது. எனக்கு உன் மேல் கோபம் இல்லை. நீ அரசாங்க வக்கீல். இந்த வழக்கில் உனக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்றாலும், எதிர்ப்பக்கம் வாதாடப் போகிறவர்கள் உன் இலாகாக்காரர்கள். புத்ராஜெயா தலைமை ஆபீசுக்கு உன்னை உயர்த்தி மாற்றுவதாகப் பேச்சு நடக்கிறது. அந்த நேரம் பார்த்து உன் அம்மா சாட்சிக் கூண்டில் ஏறி, அதிகாரிகள் செய்தது தப்பு என்று சொல்லப் போகிறாள். பிள்ளைக்குப் பயம் வராதா? வரும். ஆனால், ஐயா, யாரோ ஒருவர் ஒரு சாட்சியிடம் இப்படிச் சொன்னதாக உன் மேசைக்கு ஒரு புகார் வந்தால் நீ அதற்கு என்ன பெயர் வைப்பாய்? அந்தப் பெயரை நான் எழுத மாட்டேன். உன் அம்மாவுக்கு அவமானம் வரக் கூடாது என்றுதான் சொன்னாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை உன் மாமா கையில் கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டவில்லை. மாமா படித்தாலும் சரி, என் மருமகள் சாந்தி படித்தாலும் சரி. இதில் இருப்பது எல்லாம் என் கதை, திறந்து வைக்க எனக்கு உரிமை உண்டு. கவர் என்றதும் உனக்கு ஒன்று ஞாபகம் வரும். அதற்கும் வருகிறேன்.

சோதனை நடந்த கதையை நீ போனில் துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாய். ஒரு தரம் முழுதாகக் கேள். அம்பாங்கானில் முஸ்லிம் நானாவின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது உனக்குத் தெரியும். பள்ளி விட்டு வந்து என் மேசைக்கடியில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றவன்தானே நீ. உள் அறையில் லாயர் அம்மா. வெளி அறையில் நானும் என் மேசையும், பக்கத்தில் ஓர் இரும்பு அலமாரியும். போன வருஷம் ஒரு நாள் காலையில் ஊழல் தடுப்பு அதிகாரிகள் படியேறி வந்தார்கள். தேடி வந்தது நம் தொகுதியின் பழைய வைபியுடைய காகிதங்களை. சட்டமன்ற உறுப்பினராக இருந்த காலத்தில், சி ரூசா பக்கம் ஒரு தோட்ட நிலம் கைமாறியதில் அவர் செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று விசாரணை. அந்த நில விவகாரத்தில் லாயர் அம்மா அவருக்கு வக்கீல்.

அவர் மேல் எனக்குப் பிரியம் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். தேர்தலுக்குத் தேர்தல் கோயில் வாசலில் வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்று, தோட்டத்து ஜனங்களுக்கு வீடு வரும், வரும் என்று சொன்ன மனிதர். வந்ததா? எதிர்க்கட்சிக்காரரின் வக்கீல் ஆபீசில் இதே மாதிரிச் சோதனை நடந்தபோது, "மடியில கனம் இல்லன்னா வழியில என்னா பயம்?" என்று மேடையில் கேட்டுக் கைதட்டல் வாங்கியவரும் அவரே. ஆட்சி மாறியது, இவர் வக்கீலின் கதவைத் தட்டினார்கள். அவர் தப்புச் செய்திருந்தால் உள்ளே போகட்டும், நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். நான் கூண்டில் ஏறுவது அவருக்காக இல்லை.

வந்தவர்களுக்குத் தலைமையாக ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. உன் வயதுதான் இருக்கும். சோதனை ஆணையை நீட்டினாள். லாயர் அம்மா நின்றுகொண்டே அதை வரி வரியாகப் படித்தார். பிறகு நிதானமாகப் பேசினார். இந்த ஆணையில் இன்னாருடைய, இன்ன நிலம் சம்பந்தமான காகிதங்கள் என்று எழுதியிருக்கிறது, அது உள் அறையில் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்குள்ளும் அவர் என்னிடம் ஆலோசனை கேட்டுச் சொன்ன பேச்சு இருக்கிறது. அது அவருடைய ரகசியம், அவர் சம்மதிக்காமல் விட்டுக்கொடுக்க எனக்கே அதிகாரம் இல்லை. அதனால் நீங்கள் இங்கே உட்கார்ந்து படிக்க வேண்டாம். பெட்டியில் போட்டு மூடி முத்திரை வைப்போம். எதைப் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்று நீதிபதி பார்த்துச் சொல்லட்டும். நான் அவருடைய குற்றத்துக்குக் கூட்டாளி என்று நீங்கள் நினைத்தால் இந்தப் பாதுகாப்பு நிற்காது, அதற்கு உங்களிடம் காரணம் இருந்தால் அதையும் நீதிபதி முன்னால் வையுங்கள். அவ்வளவுதான் சொன்னார். சத்தம் போடவில்லை. அந்தப் பெண் போனில் யாரையோ கூப்பிட்டுப் பேசினாள். பிறகு சரி என்று தலையாட்டினாள். ஒட்டுவதற்கு டேப் பற்றாமல் போய், கீழே நானா கடையில் வாங்கி வந்து பெட்டிகளைச் சுற்றி ஒட்டினார்கள். டேப் மேல் அவளும் கையெழுத்துப் போட்டாள், லாயர் அம்மாவும் போட்டார். நல்ல பெண். முறையாகச் செய்தாள். இதையும் நான் கோர்ட்டில் சொல்வேன்.

உள்ளே இது நடந்துகொண்டிருக்கும்போது வெளி அறையில் என்னோடு இருந்த அதிகாரி நம்ம ஆள். தமிழர். அதுதான் வினை. மலாயில் கேட்டிருந்தால் நானும் மலாயில் விறைப்பாகப் பதில் சொல்லியிருப்பேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அக்கா எந்த எஸ்டேட்?" என்று ஆரம்பித்தார்.

"புக்கிட் பெலண்டோக் பக்கம்பா."

"அட! எங்கம்மாவும் அந்தப் பக்கந்தான்கா. ரப்பர் மரத்துல பால் வெட்டுனவங்க." கொஞ்ச நேரம் மழை, முட்டிவலி, பிள்ளைகள். பிறகு அலமாரியைப் பார்த்து, "இதுல என்னா இருக்கு?" என்றார்.

"அது மத்தவங்க கேஸ்பா. வைபியோடது ஒண்ணும் இல்ல."

"தெரியும்கா. நான் என்னா எடுத்துக்கிட்டா போகப் போறேன்? மேல கேட்டா பாத்தோம்னு சொல்லணும்ல. சாவிய குடுங்க, சும்மா பாத்துட்டு குடுத்துர்றேன்."

நான் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்காமல், வந்தவர்களுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையே என்று கீழே போய் தே தாரேக் டீ வாங்கினேன். நீ இதைக் கேட்டதும் போனில் தலையில் அடித்துக்கொண்டது எனக்கே கேட்டது. தட்டோடு நான் படியேறி வந்தபோது அவர் ஒரு ஃபைலை மேசையில் விரித்து வைத்து, குனிந்து, கைப்போனால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அட்டையில் இருந்த பெயரைப் பார்த்தேன். ஒரு பெண்ணின் பெயர். வைபிக்கும் அவளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. என்னைப் பார்த்ததும் ஃபைலை மூடினார். "ஒண்ணும் இல்லக்கா, சும்மாதான்" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார். தேயை எடுத்துக் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றும் சொன்னார். நான் சாவியை வாங்கி மேசைக்குள் வைத்தேன். அவர்கள் படியிறங்கிப் போன பிறகுதான் உள்ளே போய் லாயர் அம்மாவிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. "கேஸ் போடணும்மா. அந்தப் படத்தையெல்லாம் அழிக்கச் சொல்லி, இனி யாரும் பயன்படுத்தக் கூடாதுன்னு ஆர்டர் வாங்கணும். பாத்தது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

அந்த வழக்குதான் திங்கட்கிழமை சிரம்பான் உயர்நீதிமன்றத்தில் வருகிறது. நீ பயப்படுகிற கேள்வி எனக்கும் தெரியும். அலமாரியின் சாவியை யாரும் பிடுங்கவில்லையே, ஆபீஸ் கிளார்க்கே மனம் ஒப்பிக் கொடுத்தாரே, தேயும் கொடுத்தாரே, அப்புறம் என்ன அத்துமீறல் என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இத்தனை மாதமாக அடுப்படியில் நின்று எனக்கு நானே பேசிக்கொண்டிருந்தேன். உன் அப்பா, "யாரோட பேசுற?" என்று இரண்டு தரம் எட்டிப் பார்த்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் உன் தாத்தா தோட்டம் முழுக்க, "எம்மவ சிரம்பான்ல கிராணி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கிளார்க்கைத் தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள், எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. எங்கள் தோட்டத்துக் கிராணியை அப்பாவுக்குப் பெரிய மனிதராகத் தெரியும், எனக்கு வேறு மாதிரித் தெரியும். எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களுக்கு வந்த கடிதத்தை அவர்தான் படித்துச் சொல்வார். காலையில் அவர் படித்தது சாயங்காலத்துக்குள் கடைசி லயத்து வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். யார் மகளை யார் வேண்டாம் என்றார்கள், யாருக்கு ஊரில் இன்னொரு குடும்பம் என்பதெல்லாம் தண்ணீர்க் குழாயடியில் சிரிப்பாய்ச் சிரிக்கும். முதல் நாள் லாயர் அம்மா என்னை உட்கார வைத்து ஒரு சட்டப் புத்தகத்தைக் காட்டினார். வக்கீலிடம் சொன்ன ரகசியத்தை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்று இருந்தது. அடுத்த வரியில், வக்கீலின் கிளார்க்குக்கும் மொழிபெயர்த்துச் சொல்கிறவருக்கும் இதே சட்டம்தான் என்று இருந்தது. நான் இரண்டும் செய்யப் போகிறவள். தோட்டத்து ஜனங்கள் தமிழில் அழுததை ஆங்கிலத்தில் லாயர் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியவள். சட்டப் புத்தகத்தில் எனக்கென்று ஒரு வரி இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? வீட்டில் உன் அப்பாவிடம்கூட ஒரு கேஸைப் பற்றி வாய் திறந்ததில்லை. நீ சட்டம் படிக்கப் போனபோது, "ஒரே ஒரு கேஸ் சொல்லுங்கம்மா, எக்சாமுக்கு ஒதவும்" என்று கெஞ்சினாய். சொன்னேனா?

இப்போது கவர் கதை. நீ படிவம் நான்கில் இருந்தாய், பதினாறு வயது. உன் சட்டையில் சிகரெட் வாடை அடித்தது போல எனக்கு ஒரு சந்தேகம். நீ குளிக்கப் போன நேரத்தில் உன் பள்ளிப் பையைக் கவிழ்த்தேன். சிகரெட் இல்லை. அடியில் ஒட்டிய ஒரு கவர் இருந்தது. பிரித்தேன். பிறந்தநாள் வாழ்த்து அட்டை, இருதயம் எல்லாம் போட்டு, சாந்திக்கு. (சாந்தி, நீ இதைப் படித்தால் சிரிக்கலாம். எழுத்துப் பிழையும் இருந்தது.) நீ ஈரத் தலையோடு வந்து நின்று பார்த்தாய். "சும்மா பாத்தேன்டா" என்றேன். அதற்கு நீ கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "சிகரெட் தேடுனா பையத் தேடுங்க! ஒட்டுன கவருக்குள்ள சிகரெட்டா இருக்கும்?"

அப்போது பளாரென்று ஒன்று வைத்தேன், வாய் நீளம் என்று. ஆனால் நீ சொன்னது சரி. பின்னால் எத்தனையோ வழக்குகளில், எத்தனையோ பெரிய வக்கீல்கள் பக்கம் பக்கமாக வாதாடியதை டைப் அடித்திருக்கிறேன். எல்லாம் நீ அன்றைக்குத் துண்டோடு நின்று சொன்னதுதான். என்ன தேடுகிறாய் என்று முதலில் சொல். அது இருக்கக்கூடிய இடத்தில் மட்டும் தேடு. இல்லையென்றால் மூடிவிட்டுப் போ. தேடுவதற்கு ஓர் எல்லை உண்டு, சும்மா பார்ப்பதற்கு எல்லையே கிடையாது. அந்தப் பையன் இப்போது எம்.சி. எடு என்கிறான். அதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

உனக்கு நான் சொல்லாத இன்னொன்று உண்டு. எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டில் அஞ்சலை அக்கா இருந்தாள். அவள் புருஷன் குடிகாரன் இல்லை, ஊருக்கெல்லாம் நல்லவன், அவளை மட்டும் அடிப்பான். நான் ஆறாம் ஆண்டு படித்தபோது தோட்டத்து ஸ்டோரிலிருந்து கட்டிப்பால், அதுதான் உறைந்த ரப்பர் கட்டி, கொஞ்சம் காணாமல் போயிற்று. தோட்டத்தில் வேலை வாங்குகிற மண்டோர் ஆட்களோடு லயத்துக்கு வந்தார். "யார் மேலயும் சந்தேகம் இல்ல. சும்மா பாத்துட்டுப் போறோம்" என்றார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நம் ஜனங்கள் எதற்குப் பேசினார்கள்? கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நின்றார்கள். அஞ்சலை அக்கா வீட்டில் விறகுக்குப் பின்னால் ஒரு துணி மூட்டை இருந்தது. மண்டோர் அதை வாசலுக்குக் கொண்டு வந்து உதறினார். பிள்ளைகளின் சட்டைகள் விழுந்தன, அவர்களின் பிறப்புப் பத்திரங்கள் விழுந்தன, அவளுடைய ஒரே நல்ல சேலை விழுந்தது. "பால் இல்ல" என்றார் மண்டோர். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அவள் புருஷன் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தான். கோபமே இல்லாத குரலில், "எங்க கெளம்புன அஞ்சல?" என்று கேட்டான். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு அவள் எங்கேயும் கிளம்பவில்லை. நாங்கள் தோட்டத்தை விட்டு வந்தபோதும் அந்த வீட்டில்தான் இருந்தாள். அதற்குள் அவளுக்கு ஒரு காது கேட்காமல் போயிருந்தது. மண்டோர் கெட்டவர் இல்லை, கதிர். தேடியது அங்கே இல்லை என்று பார்த்தார், போனார். அவர் உதறிப் போட்ட மூட்டையைத் திரும்பக் கட்ட யாராலும் முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஃபைலில் இருந்த பெண் எதற்காக லாயர் அம்மாவிடம் வந்தாள் என்று உனக்கு எழுத மாட்டேன். எந்த ஊர், என்ன வயது, எதுவும் எழுத மாட்டேன். கூண்டில் நிற்க வைத்து என்ன கேட்டாலும், படம் எடுத்ததைப் பார்த்தேன் என்பேன், எதைப் படம் எடுத்தார் என்றால் சொல்ல மாட்டேன். சோதனை நடந்த செய்தி பேப்பரில் வந்த அன்று அவள் ஆபீசுக்குப் போன் செய்தாள். "அக்கா, என் பேப்பரயும் பாத்தாங்களா?" என்று கேட்டாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணும் இல்லம்மா. சும்மா பாத்துட்டுப் போயிட்டாங்க" என்றேன்.

சொல்லி முடித்ததும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மண்டோர் சொன்ன சொல், அந்த அதிகாரி சொன்ன சொல், அதே சொல் என் வாயிலிருந்து வந்தது. நாம் எல்லாவற்றுக்கும் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். சும்மா வந்தேன், சும்மா கேட்டேன், சும்மா சொன்னேன். நல்ல சொல்தான், நெருக்கமான சொல்தான். அதனால்தான் அதைக் கேட்டவுடன் நமக்குச் சாவியை நீட்டத் தோன்றுகிறது. இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். பிறகு லாயர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டு நானே அவளைக் கூப்பிட்டேன். "பாத்தாங்கம்மா. படம் எடுத்தாங்க. சாவிய குடுத்தது நான்தான்" என்றேன். அவள், "இத கோர்ட்ல சொல்லுவீங்களாக்கா?" என்று கேட்டாள். "சொல்லுவேன்" என்றேன். நன்றிகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள். அவள் இப்போது இருந்த இடத்தில் இல்லை, வேறு இடத்துக்குப் போய்விட்டாள். அந்தப் படங்கள் யார் யார் கைப்போனில் இருக்கின்றன என்று தெரியும் வரைக்கும் அவளுக்கு எந்த இடமும் இடமில்லை.

அதனால்தான் எம்.சி. கிடையாது. பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போவேன். உன் அப்பாவிடம் நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், நீ போனில் சொன்னதைத் தவிர. அவர் டிவியை அணைத்துவிட்டு, "காடிய சர்வீஸ் குடுக்கணும்" என்றார். காருக்கு இப்போது எதற்கு என்றேன். "கோர்ட்டு வாசல்ல நின்னு போச்சுன்னா அசிங்கம்" என்றார். உன் கல்யாணத்துக்குப் போட்ட சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறார். கூண்டில் ஏறப் போவது நான், மாப்பிள்ளை மாதிரித் தயாராவது அவர்.

அவர்கள் கேட்பார்கள், சாவியைக் கொடுத்தது நீங்கள்தானே என்று. ஆமாம், நான்தான் என்பேன். யாராவது மிரட்டினார்களா? இல்லை. மனமொப்பித்தானே கொடுத்தீர்கள்? ஆமாம். பிறகு நீ எனக்காகப் பயப்படுகிற அந்தச் சிரிப்பை அந்த வக்கீல் சிரிப்பார். சிரிக்கட்டும். சாவி என் கையில் இருந்தது ஐயா, உள்ளே இருந்தது என்னுடையது இல்லை, லாயர் அம்மாவுடையதும் இல்லை என்பேன். அது அந்தந்த ஜனங்கள் நம்பிச் சொன்ன பேச்சு. அதைத் திறக்கச் சம்மதம் கொடுக்க எனக்கு உரிமை கிடையாது, என்னிடம் கேட்டு வாங்கிக்கொள்ள அவருக்கும் உரிமை கிடையாது. நான் ஏமாந்தேன் என்பதற்காக அந்தப் பெண் ஏன் ஏமாற வேண்டும்? கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்வேன்.

உனக்குப் புத்ராஜெயா தள்ளிப் போகலாம். போகாமலும் இருக்கலாம். போனால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். நீ அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை. உட்கார்ந்த பிறகு ஒரு நாள், யாரோ ஒரு வக்கீலின் ஆபீசைச் சோதனை போட வேண்டும் என்று உன் மேசைக்கு ஒரு கோப்பு வரும். இந்தக் கட்சியோ அந்தக் கட்சியோ, ஊரே கைதட்டக் காத்திருக்கும். போட வேண்டியிருந்தால் போடு. வக்கீல் ஆபீஸ் சாமி சன்னதி இல்லை, அங்கேயும் திருட்டு ஒளிந்திருக்கும். ஆனால் கொண்டு வந்தவரிடம், என்ன தேடுகிறீர்கள், அது அங்கேதான் இருக்கிறது என்று எப்படித் தெரியும், வேறு இடத்தில் கிடைக்காதா, மற்றவர்களுடைய பேச்சை யார் படிக்காமல் காப்பது என்று கேள். அவர் பதில் சொல்லத் திணறினால் பேனாவை மூடிவிடு. அந்த மலாய்ப் பெண் போல முத்திரை வைக்கத் தெரிந்தவர்களை அனுப்பு. "எந்த எஸ்டேட்கா" என்று ஆரம்பிக்கிறவரை அனுப்பாதே.

திங்கட்கிழமை காலையில் கூப்பிடாதே, கோர்ட்டுக்குள் போனை அணைத்து வைத்திருப்பேன். சாயங்காலம் கூப்பிடு. கோபமாக இருந்தால் கோபமாகவே கூப்பிடு, என்ன ஆச்சு, எப்படிக் கிழித்தார்கள் என்று கேள், எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். வழக்கம்போல், "சும்மாதான்மா கூப்பிட்டேன்" என்று மட்டும் சொல்லாதே.

உன் அம்மா